தோட்டக் குடில்: மரமா, மூங்கிலா, மண்ணா?

தோட்டத்து மூலையில் நாலு பேர் உட்காரும்படி ஒரு குடில். தகரம், சிமென்ட், பெயின்ட் எதுவும் கண்ணில் படாமல், அந்த இடத்திலேயே முளைத்து நிற்பதுபோல் தெரிய வேண்டும். இப்படி ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் சுவரிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்: உருளை மரமா, மூங்கிலா, மண்ணா? இதற்கு முன்பே தீர்க்க வேண்டியவை இரண்டு உண்டு. கூரை எது, தூண் எதன்மேல் நிற்கப்போகிறது? இவை முடிவானால் சுவருக்கான தெரிவுகளில் பாதி தாமாகவே கழிந்துவிடும்.

மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சை வளர, மரத்தின் ஈரப்பதம் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். கூரைக்கு அடியில், காற்று தவழும் இடத்தில் நிற்கும் மரம் அந்த அளவைத் தொட்டு அங்கேயே நிற்பது அரிது. அதனால்தான் குடில்கள் நடுவில் கெடுவதில்லை. தூண் மண்ணைத் தொடும் இடம், கூரைத் தண்ணீர் விழுந்து தெறிக்கும் கீழ் ஒன்றரை அடி, கூரையின் உச்சி ஆகிய மூன்று இடங்களில்தான் கெடும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்வது நல்லது. சுமக்கும் பொருள் வேறு, கண்ணுக்குத் தெரியும் பொருள் வேறு. தூண், உத்தரம், கைமரம் (உச்சியிலிருந்து விளிம்புக்கு இறங்கும் கூரைச் சட்டம்) மூன்றும் உழைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவை. பட்டை, குச்சி வேலைப்பாடு, பாசி, கூம்புக்காய் போன்ற அலங்காரத்தை அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கழற்றி மாற்றும்படி பொருத்த வேண்டும். பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் 1783இல் அரசி மேரி அந்துவானெத்துக்காகக் கட்டத் தொடங்கிய கிராமத்து வீடுகளில் சுவர் விரிசல்களைக்கூட வண்ணத்தால் தீட்டித்தான் பழமையைக் காட்டினார்கள். விரிசலைத் தீட்டிக்கொள்ளலாம், பிழையில்லை. உத்தரத்தில் நிஜமாகவே விரிசல் விட்டால்தான் தொல்லை.

ஒப்பிட ஒரே அளவு வேண்டும். எதிரெதிர் மூலைகளுக்கிடையே 8 அடி உள்ள அறுகோணம், ஒவ்வொரு பக்கமும் 4 அடி, தூண் உயரம் ஆறரை அடி, கூரை விளிம்பு சுவரைத் தாண்டி ஒன்றரை அடி வெளியே, ஒரு பக்கம் திறப்பு. இனி வரும் கணக்கெல்லாம் இந்தக் குடிலுக்கானவை; கூரைப் பரப்பும் உயரமும் மட்டும், எளிமைக்காக, மூலைகளைத் தாண்டி ஒன்றரை அடி நீட்டிய வட்டக் கூம்பாக வைத்துப் போட்டவை.

கூரை எதுவோ, வடிவம் அதுவே

நாணல் அல்லது விழல் வேய்ந்த கூரைக்குச் சரிவு 45 பாகைக்குக் குறையக் கூடாது. 50 என்றால் நிம்மதி. நீர் தண்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு அடுத்த தண்டுக்குத் தாவி, ஊறும் முன் விளிம்பை எட்டிவிட வேண்டும். அதுதான் இந்தக் கூரை வேலை செய்யும் விதம். ஓரடி கனத்தில் வேய்ந்தாலும் நல்ல மழையில் நனைவது மேல் ஓரிரு அங்குலம் மட்டுமே. மீதி உலர்ந்தே இருக்கும். சரிவு 35க்கு இறங்கினால் அதே நாணல் ஊறும், பாசி பிடிக்கும், நாலைந்து ஆண்டில் கறுத்துக் குழையும்.

50 பாகைச் சரிவில் நம் குடிலின் கூரைப் பரப்பு சுமார் 148 சதுர அடி. கூரையின் உயரம் மட்டும் ஆறரை அடி வரும், தூணின் உயரம் அளவுக்கே. காகிதத்தில் வரைந்து பார்த்தால் தலை கனத்த காளான் போல் தோன்றும். பயந்து உயரத்தைக் குறைத்துவிடாதீர்கள்; பாதிக்குப் பாதி என்ற அந்த விகிதம்தான் குடிலுக்குக் களை தருகிறது. உலர்ந்த நிலையில் ஓரடிக் கன நாணல் கூரை அரை டன்னைச் சற்றுத் தாண்டும். ஆறு தூண்களுக்குப் பங்கிட்டால் தூணுக்கு நூறு கிலோகூட இல்லை. பாரத்தைப் பற்றி இங்கே கவலை வேண்டாம்; கவலைப்பட வேண்டியது காற்றைப் பற்றி.

நல்ல நீர்நாணல் திறந்த வெயிலில் 25 ஆண்டுக்குக் குறையாமல் நிற்கும். வைக்கோலுக்கு 15 முதல் 25 ஆண்டு. மரநிழலில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. முகடு முன்னதாகவே தேயும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை அதை மட்டும் மாற்ற வேண்டும். கூம்பு வடிவக் கூரையில் நீளமான முகடே கிடையாது, உச்சியில் ஒரு புள்ளிதான். ஆனால் தண்டுகளின் நுனிகளெல்லாம் கூடும் அந்தப் புள்ளிதான் முதலில் ஒழுகும். சுட்ட மண் குடுவையையோ செப்புத் தகட்டுக் கூம்பையோ அங்கே கவிழ்த்துவிட்டால் காரியம் முடிந்தது. பலர் வேய்ச்சலுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து 'இரட்டைப் பாதுகாப்பு' செய்கிறார்கள். அது நாணலின் அடிப்பக்கக் காற்றை அடைத்து ஈரத்தைப் பூட்டிவைக்கும். அந்தக் கூரை தாள் இல்லாததைவிட முன்னதாகவே மக்கும்.

தென்னங்கீற்று, பனையோலை போன்ற ஓலைக் கூரையையும் இதே சரிவில் போடலாம். எடை மிகக் குறைவு, வேலை ஓரிரு நாளில் முடியும். கீற்று ஓரிரு ஆண்டுதான் தாங்கும். பனையோலை அதைவிடச் சற்றுக் கூட நிற்கும். கீற்று மலிவாகக் கிடைத்து, வேயத் தெரிந்த ஆளும் பக்கத்தில் இருந்தால், ஆண்டுதோறும் புதுக்கூரை என்பதும் ஒரு நல்ல தெரிவே. இல்லாவிட்டால் மூன்றாம் மழையில் குடில் கைவிடப்படும்.

மர ஓடு வேறு வழி. கையால் பிளந்தோ அறுத்தோ எடுத்த 16 அங்குல நீள ஓடுகளை, வரிசைக்கு 5 அங்குலம் மட்டும் வெளியே தெரியும்படி அடுக்கினால் கூரையின் எந்த இடத்திலும் மூன்று ஓட்டுக் கனம் இருக்கும். 45 பாகைச் சரிவில் சுமார் 135 சதுர அடி. 4 அங்குல அகல ஓடாக இருந்தால் 970 தேவை; ஆறு கூரை மடிப்புகளில் சரிவாக வெட்டும் சேதாரத்தையும் சேர்த்து 1,100க்கு மேல் கைவசம் இருக்கட்டும். ஓடுகளுக்கிடையே கால் அங்குலம் வரை இடைவெளி விட வேண்டும். நனைந்தால் விரியும், இடமில்லாவிட்டால் எழும்பிப் பிளக்கும். மேல் வரிசை இடைவெளியும் கீழ் வரிசை இடைவெளியும் குறைந்தது ஒன்றரை அங்குலமாவது விலகியிருக்க வேண்டும். ஓட்டுக்கு இரண்டு ஆணி. அவை செம்பாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். தேவதாரு, ஓக் போன்ற மரங்களில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் சாதாரண இரும்பு ஆணியை அரித்து, ஒவ்வொரு ஆணியின் கீழும் கறுப்புக் கண்ணீர்க் கோடு இறக்கும். ஓட்டுக்கு அடியில் முழுப் பலகை அடிக்காமல் வரிச்சுச் சட்டங்கள் மட்டும் போட்டால் அடிப்பக்கமும் காயும்.

புல்வெளிக் கூரையைப் பார்த்தால் ஆசை வரும், கணக்கைப் பார்த்தால் அடங்கும். சரிவு 20 பாகை அளவில் வைத்தால் பரப்பு நூறு சதுர அடி. 4 அங்குல மண் நீர் ஊறிய நிலையில் அதன் பாரம் ஏறக்குறைய ஒன்றரை டன். தூண்கள் தாங்கிவிடும், கைமரங்கள்தான் வளையும். அதனால் அவற்றின் பருமனைக் கூட்ட வேண்டும், இடையிடையே கூடுதல் கைமரம் வேண்டும். ஸ்காண்டிநேவியாவில் மண்ணுக்கு அடியில் பூர்ச்ச மரப்பட்டையை அடுக்கடுக்காகப் பரப்பி நீரைத் தடுத்தார்கள். இன்று ரப்பர் தாள் விரிப்பதுதான் வழக்கம். நீண்ட கோடை உள்ள இடத்தில் தண்ணீர் ஊற்றாமல் 4 அங்குல மண்ணில் புல் பிழைக்காது. அங்கே இந்தத் தெரிவைக் கைவிடுவதே மேல்.

இப்போது வடிவம் தானாக வந்துவிடும். வேய்ந்த கூரை வளைவை விரும்பும். வட்டக் குடிலுக்கு அது பொருந்தும், கூர்மையான மடிப்பும் பள்ளமும் அதற்கு ஆகாது. மர ஓட்டுக்குத் தட்டையான முகங்கள் வேண்டும். வட்டக் கூம்பில் போட்டால் ஒவ்வொரு ஓட்டையும் ஆப்பு வடிவில் சீவ வேண்டிவரும். அதனால் அதற்கு அறுகோணமோ சதுரமோதான். வட்டமாகக் கட்டிச் சுவரை முடித்த பிறகு 'மர ஓடு போடலாமே' என்று எண்ணுகிறவர்களுக்கு உதவ வழியில்லை.

தூணின் அடி

குழி தோண்டித் தூணை இரண்டடி புதைத்தால் அது தானாகவே அசையாமல் நிற்கும். புதைப்பதன் கவர்ச்சி இதுதான். விலை என்னவென்றால், தரைமட்டத்தில் ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் அந்த நாலைந்து அங்குலத்தில் மரம் இற்றுப்போகும். ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு, மேலே ஈரம் குறைவு; நடுவில்தான் அழிவு. எந்த மரமாக இருந்தாலும் பட்டையை ஒட்டிய அதன் வெள்ளைப் பகுதிக்கு இற்றுப்போகாமல் தாங்கும் திறன் கிடையாது. தேக்கு, ஓக், செஸ்ட்நட் போன்றவற்றின் வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்கே அந்தத் திறன் உண்டு. மெல்லிய உருளை மரங்களில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம் என்பதை மறக்க வேண்டாம். புதைக்கும் பகுதியை நெருப்பில் கருக்கினால் போதும் என்பதையும் நம்பிவிட வேண்டாம். கருகிய தோல் மெல்லியது. மரம் காய்ந்து விரிசல் விட்டதும் நீர் உள்ளே போய்விடும். சுற்றிலும் கான்கிரீட் ஊற்றுவது அதைவிட மோசம். மரம் சுருங்கியதும் கான்கிரீட் தண்ணீர் தேங்கும் கிண்ணமாகிவிடும்.

மாற்று வழி: அடிக்கல். ஒன்றரை அடி அகலமும் நீளமும் உள்ள குழியை ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, ஜல்லியை இரண்டு அடுக்காகக் கொட்டித் திமிசு போட்டு, மேலே கல்லை மட்டம் பார்த்து வையுங்கள். கல்லின் தலை தரையிலிருந்து 6 முதல் 8 அங்குலம் உயர்ந்திருக்கட்டும். நீர் வெளிப்புறம் ஓடும்படி லேசான சாய்வு இருக்கட்டும். கல்லில் 4 அங்குல ஆழத்துக்குத் துளையிட்டு, 16 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியைப் பதித்து, தூணின் அடியில் போட்ட துளையை அதில் இறக்க வேண்டும். தூணுக்கும் கல்லுக்கும் நடுவே ஈயத் தகட்டுத் துண்டு ஒன்றை வைத்தால் அடிநுனி கல்லின் ஈரத்தைக் குடிக்காது.

அடிக்கல்லில் நிற்கும் தூணுக்குக் கீழே பிடிமானம் கிடையாது. ஒவ்வொரு தூணிலிருந்தும் இரு பக்க உத்தரத்துக்கும் 45 பாகையில் முட்டுச் சட்டம் கொடுக்காவிட்டால் முதல் பெருங்காற்றில் குடில் முறுக்கிக்கொண்டு சாயும். ஒவ்வொரு முட்டும் இரண்டடிக்குக் குறையாத நீளம், 3 அங்குலப் பருமன்; ஆறு தூணுக்கு மொத்தம் 12. இயல்பாகவே வளைந்த கிளைகளை இதற்கென்று ஒதுக்கிவைத்தால் பார்வைக்கும் அழகு, கட்டுக்கும் உறுதி. தோட்டக் குடில்கள் சாய்வதற்குத் தூண் மெலிந்தது காரணமாக இருப்பது அபூர்வம். முட்டு இல்லாததே வழக்கமான காரணம்.

என் தீர்ப்பு: அடிக்கல்தான். பத்து ஆண்டுக்கு மேல் எதிர்பார்க்காத, திறந்த பந்தல் போன்ற கட்டுமானத்துக்கு மட்டும் புதைக்கலாம்.

உருளை மரம்

ஆறு தூண்கள், 5 முதல் 6 அங்குல விட்டம், ஆறே முக்கால் அடி நீளம். சுற்று உத்தரம் ஆறு, 4 அங்குல விட்டம், ஐந்தடி. கைமரம் ஆறு, நாலங்குல விட்டம், பத்தடி. இவை கூடும் உச்சியில் 8 அங்குல விட்டமும் ஒன்றரை அடி நீளமும் கொண்ட மரக்குற்றி ஒன்று. அதன் ஆறு முகங்களில்தான் கைமரங்கள் வந்து செருகும். கைமரங்கள் கீழே வெளிப்புறமாகத் தள்ளும் விசையைச் சுற்று உத்தரம்தான் பட்டை கட்டியதுபோல் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே உத்தரங்கள் கூடும் ஆறு மூலைகளே இந்தக் கட்டுமானத்தின் உயிர்நிலை. பாதிக்குப் பாதி வெட்டி ஒன்றன்மேல் ஒன்று உட்கார்த்தி, 12 மில்லிமீட்டர் போல்ட்டைத் தூண் தலைவரை இறக்கி முடுக்குங்கள். ஆணி மட்டும் அடித்த மூலை மரம் காயும்போது வாய் திறக்கும். கூரை மெல்ல மெல்ல அகன்று உட்காரும்.

பச்சை மரமா, காய்ந்ததா? ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது மரம் காய்வதற்குச் சொல்லப்படும் பழைய கணக்கு. ஆறங்குலத் தூணுக்காக யாரும் அத்தனை காலம் காத்திருக்க முடியாது. பச்சையாகவே கட்டலாம், ஆனால் மரம் என்ன செய்யும் என்று தெரிந்து கட்ட வேண்டும். வளையத்தின் போக்கில் சுருக்கம் அதிகம், ஆரத்தின் போக்கில் அதில் ஏறக்குறைய பாதி. இந்த வேறுபாட்டால் உருளை மரம் எங்காவது ஓரிடத்தில் நீளவாக்கில் வெடித்தே தீரும். எங்கே என்பதை நாம் சொல்லலாம்: சுவர்ப்பக்கம் மறையும் பக்கத்தில் நடுவரை ஒரு ரம்பக்கீறல் இழுத்துவிட்டால் வெடிப்பு பெரும்பாலும் அங்கேயே ஒதுங்கிவிடும். மூட்டுகளில் தூணின் துளை பச்சை மரத்திலும், அதில் புகும் கழுந்து நன்கு காய்ந்த மரத்திலும் இருக்கட்டும். துளை சுருங்கிக் கழுந்தைக் கவ்விக்கொள்ளும். தலைகீழாகச் செய்தால் ஆறு மாதத்தில் கையால் ஆட்டலாம்.

பட்டையோடு விடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மரம் இலையுதிர்த்து ஓய்ந்திருக்கும் பருவத்தில் வெட்டினால் பட்டை ஒட்டி நிற்கும்; துளிர்விட்டுச் சாறு ஏறும் பருவத்தில் வெட்டினால் கைப்பிடி உளியிலேயே உரிந்து வரும். எந்தப் பருவத்தில் வெட்டினாலும் பட்டைக்கு அடியில் ஈரம் தங்கும், வண்டு முட்டையிடும். சில ஆண்டில் மாவு கொட்டும், பிறகு பட்டை பாளம் பாளமாகக் கழன்று விழும். மழை படாத உட்கூரைக் கைமரங்களில் மட்டும் பட்டையை விட்டுவைத்து, தூண்களை உரித்துவிடுவதே சரி. உரித்த மரத்தில் கணுவும் சுருக்கமும் தெரிவதும் ஓர் அழகுதான்.

ஆளிவிதை எண்ணெய் பூசினால் நிறம் ஆழ்ந்து நிற்கும். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் அதுவே கறுப்புப் பூஞ்சணத்துக்கு இரையாகும்; அங்கே ஒன்றும் பூசாமல் சாம்பல் நிறத்துக்கு விட்டுவிடுவது நல்லது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. காய்கையில் சூடாகித் தானே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் உலரவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

மூங்கில்

எடைக்கு எடை பார்த்தால் மூங்கிலின் வலிமைக்கு ஈடில்லை. குடில் முழுவதுக்குமான கழிகளை இரண்டு பேர் தோளில் தூக்கி வந்துவிடலாம். ஆனால் பராமரிப்பில் கண்டிப்பான பொருள் இதுதான்.

மூன்று முதல் ஐந்து வயதான கழிதான் வேண்டும். மேலே வெள்ளைப்பொடி பூத்து, உறை இன்னும் கழலாமல் இருப்பது இளசு. பொடி போய், ஆங்காங்கே பாசிப்புள்ளி விழுந்திருந்தால் முதிர்ந்தது. மாவுச்சத்து குறைந்த வறண்ட பருவத்தில் வெட்ட வேண்டும். உளுத்துப்போக வைக்கும் வண்டுக்கு அந்த மாவுச்சத்துதான் உணவு. வெட்டிய பின் மருந்தேற்ற நூறு லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெங்காரம் (போராக்ஸ்), 2 கிலோ போரிக் அமிலம். கணுக்களின் உட்தடுப்பை நீண்ட கம்பியால் துளைத்து, கழியை முழுக்க அமிழ்த்தி இரண்டு வாரம் ஊறவிட்டு, நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். மிச்சக் கரைசலைச் செடிகளின் பக்கம் ஊற்றிவிடாதீர்கள். போரான் அளவுக்கு மிஞ்சினால் தோட்டமே கருகும்.

இந்த மருந்து நீரில் கரைவது. மழை படும் கழியிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் மூங்கில் குடிலுக்குக் கூரை ஒன்றரை அடி நீட்டினால் போதாது. இரண்டரை முதல் மூன்றடி வேண்டும். எட்டடிக் குடிலுக்குப் பதின்மூன்று, பதினான்கடித் தொப்பி! சின்னத் தோட்டத்தில் இது இடத்தை அடைத்துவிடும். மூங்கிலைத் தேர்ந்தெடுக்கும் முன் தரையில் கயிறு போட்டு இந்த வட்டத்தைப் பாருங்கள். பலர் அங்கேயே மனம் மாறுவார்கள்.

ஆணி அடித்தால் நீளவாக்கில் பிளக்கும். துளையிட்டு போல்ட் போட வேண்டும். அந்தத் துளையும் கணுவை ஒட்டி இரண்டங்குலத்துக்குள் இருக்கட்டும். ஒரு கழி மற்றொன்றில் முட்டும் இடத்தில் நுனியை மீன்வாய் போல் குடைந்து உட்கார்த்த வேண்டும். பாரம் அழுத்தும் கணுவிடையில் சிறு துளையிட்டுச் சாந்து நிரப்பினால் நசுங்காது. கயிற்றுக் கட்டு அழகுக்குத்தான். கழியும் கயிறும் காய்ந்ததும் தளர்ந்துவிடும். போல்ட்டை மறைக்கக் கட்டுங்கள், போல்ட்டுக்குப் பதிலாகக் கட்டாதீர்கள். மண்ணில் நட்ட மூங்கில் ஓரிரு ஆண்டில் இற்றுவிடும். அடிக்கல்லைப் பற்றி மேலே சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

மண்

மண்ணில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் உழைப்பில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். குழைத்த மண்ணை அப்படியே உருட்டி அடுக்கி, 14 அங்குலக் கனத்தில் எட்டடி உள்விட்டத்துக்குச் சுவர் எழுப்பினால், கதவு சன்னல் போக 190 கன அடி மண் வேண்டும். அதாவது ஏறக்குறைய ஒன்பது டன், அத்தனையும் காலால் மிதித்துக் குழைக்க வேண்டியது. தூண்களுக்கிடையே வரிச்சு (நிற்கும் குச்சிகளில் கொம்புகளைப் பின்னிய தட்டி) பின்னி, இரு பக்கமும் மண் பூசி இரண்டரை அங்குலக் கனத்தில் நிறுத்தினால், ஐந்து பக்கங்களில் மூன்றடி உயரத் தடுப்புக்கு அரை டன்னைச் சற்றுத் தாண்டும். முழுக் கனச் சுவர் தானே கூரையைச் சுமக்கும். வரிச்சுச் சுவர் தூண்களை நம்பி நிற்கும். அலங்காரக் குடிலுக்கு வரிச்சே போதும் என்பேன். கனச் சுவரின் அழகு வேறு வகை: சுவரோடு சேர்ந்த திண்ணை, மாடக்குழி, வளைந்த சன்னல். அவை வேண்டுமென்றால் ஒன்பது டன்னுக்குத் துணிய வேண்டியதுதான்.

கலவையில் களிமண் கால் பங்கைத் தாண்டக் கூடாது. மீதி மணலும் பொடிக்கல்லும். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதித் தண்ணீரும் உப்பு ஒரு சிட்டிகையும் போட்டுக் குலுக்கி வைத்தால், முதலில் மணல் படியும், பிறகு வண்டல், கடைசியாகக் களி. இது உத்தேசம்தான். உறுதி செய்ய, மூன்று விதக் கலவையில் செங்கல் அளவில் வார்த்து ஒரு வாரம் காயவிடுங்கள். வெடித்தால் களி அதிகம். விரலால் தேய்க்க உதிர்ந்தால் மணல் அதிகம். வைக்கோல் இழுவிசையைத் தாங்கும், களியின் விகிதத்தைச் சரிசெய்யாது. ஒரு நாளில் ஓரடி முதல் ஒன்றரை அடிக்கு மேல் சுவரை ஏற்றக் கூடாது, அடி பிதுங்கிவிடும். அடுத்த அடுக்குக்கு முன் கட்டைவிரல் பதியாத அளவுக்கு இறுக வேண்டும்.

மண்சுவருக்கு ஒன்றரை அடிக் கல் பீடம் கட்டாயம். கல்லைக் காரையில்லாமல் அடுக்கினால், இரு முகமும் மேலே போகப் போக உள்வாங்கிச் சாய வேண்டும். பீடத்தின் முழு அகலத்தையும் கடக்கும் நீளக்கல் மூன்றடிக்கு ஒன்று வேண்டும். மேல்பூச்சுக்குச் சுண்ணாம்பு மட்டும். சிமென்ட் பூச்சு சில ஆண்டில் மயிரிழை வெடிப்பு விடும். அதில் நுழைந்த நீர் வெளியேற வழியின்றிச் சுவரின் அடியைச் சேறாக்கும். வெளிப்பூச்சு பளபளவென்றிருக்க, உள்ளே சுவர் சரிந்துகொண்டிருக்கும். வரிச்சை முழு வட்டமாக விட்டுப்போகாமல் பின்னும்போது நிற்கும் குச்சிகள் ஒற்றைப்படையில் இருக்கட்டும். அப்போதுதான் ஒவ்வொரு சுற்றும் முன்சுற்றுக்கு மாறி விழும். அறுகோணத்தின் தனித்தனிப் பலகங்களில் கடைசிக் குச்சியைச் சுற்றித் திரும்பி வருவதால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. எட்டங்குலத்துக்கு ஒரு குச்சி, பின்னுவதற்கு விரல் பருமன் பச்சைக் கொம்பு.

முதலில் தூணும் கூரையும், பிறகே மண்வேலை. சுவர் கூரைக்கு அடியில் காயும். இடையில் மழை வந்தாலும் கவலையில்லை.

விறகுக் கட்டைகளைக் குறுக்காக அடுக்கிக் காரை வைத்துக் கட்டும் சுவரும் ஒன்று உண்டு. வட்ட வட்டமாக வெட்டுமுகம் தெரிய அழகாகத்தான் இருக்கும். கட்டை ஓராண்டாவது காயாமல் கட்டினால் ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிச்சம் தெரியும். அடர்ந்த மரமாக இருந்து ஈரமே இல்லாமல் முற்றிலும் காய்ந்திருந்தால் மழையில் விரிந்து காரையையே பிளக்கும். மென்மரம்தான் இதற்கு ஏற்றது.

உயிருள்ள குடில்

வில்லோ கழிகளை மரம் ஓய்ந்திருக்கும் பருவத்தில் ஓரடி ஆழம் நட்டு, 9 அங்குல இடைவெளியில் வட்டமாக நிறுத்தி, தலையை வளைத்துக் கட்டினால் அது வேர்விட்டுக் குடிலாகவே வளரும். எட்டடி வட்டத்துக்கு வாசல் போக முப்பது கழி. மழைக்கு ஒதுங்க உதவாது, ஆண்டுதோறும் பின்னிக் கத்தரிக்க வேண்டும், ஈரமண் இல்லாவிட்டால் காயும். வேர் தண்ணீரைத் தேடிப் போகும் என்பதால் வடிகால் குழாயிலிருந்து முப்பதடியாவது தள்ளி நடுங்கள். குழந்தைகள் விளையாட இதைவிட நல்லது கிடையாது. மற்றவர்களுக்கு இது குடில் ஆகாது, செடிதான்.

அலங்காரம்

சுமக்கும் வேலை முடிந்தபின் கை தாராளமாகலாம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கில்லர்டன் தோட்டத்தில் 1808இல் கட்டிய 'கரடிக் குடில்' இன்னும் நிற்கிறது. அதில் ஓர் அறையின் தரை கூழாங்கல், ஒன்றில் மரக்கட்டை வெட்டுமுகம், மற்றொன்றில் மான் எலும்பின் மூட்டுகளை நட்டுப் பதித்த தரை. மூன்றில் இன்றைக்கும் எளிதில் எடுத்துக்கொள்ளத் தக்கது கூழாங்கல். மணலும் சுண்ணாம்பும் கலந்த படுகையில் கற்களைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக, மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி நெருக்கிச் செருகினால் பெயராது. கட்டை வெட்டுமுகத் தரை ஈரத்தில் பாசி ஏறி வழுக்கும்; கூரைக்கு நன்கு உள்ளே இருந்தால் மட்டும் போடுங்கள்.

சுவரில் குச்சி வேலைப்பாடு: விரல் பருமன் குச்சிகளை நடுவில் பிளந்து, தட்டை முகத்தைப் பலகையில் வைத்து, சாய்சதுரமாகவோ கதிர்போலவோ ஆணி அடிப்பது. துளையிடாமல் அடித்தால் நுனி பிளக்கும். பலகையைத் தூணில் நேரடியாக அறையாமல் நாலு திருகாணியில் மாட்டினால், பழுதான பலகத்தை மட்டும் கழற்றி மேசையில் வைத்துச் செப்பனிடலாம். பைன் கூம்புக்காய்களை உட்கூரையில் மட்டும் பதியுங்கள். காய்ந்தால் மலரும், ஈரத்தில் மூடும். வெளிச்சுவரில் இந்த ஆட்டத்தில் ஒட்டே விட்டுப்போகும்.

எதை எடுப்பது

நேரம் குறைவு, பராமரிப்பில் ஆர்வம் இல்லை, இருபது ஆண்டு நிற்க வேண்டும் என்றால்: உரித்த உருளை மரம், அடிக்கல், அறுகோணம், மர ஓடு. குடில் பார்வைக்கு முதன்மையாக இருக்க வேண்டும், நாணல் வேயத் தெரிந்தவர் கிடைப்பார் என்றால்: அதே சட்டகத்தின் மேல் 50 பாகை நாணல் கூரை, கீழ்ப்பாதிக்கு வரிச்சும் சுண்ணாம்பும். கையில் பணம் குறைவு, ஆள்பலம் நிறைய, மண் நல்ல களி என்றால் கனச் சுவர். அப்போதும் கூரைக்குப் புல்வெளி வேண்டாம். நனைந்த மண்ணுக்கு மேல் நனைந்த மண்ணை ஏற்றினால், கூரைத் தாளில் விழும் ஒரு சிறு ஓட்டை சுவரையும் சேர்த்துக் கொண்டுபோகும். விரிந்த கூரைக்கு இடமும், முதிர்ந்த கழி தேடவும் ஊறவைக்கவும் பொறுமையும் இருந்தால் மூங்கில்.

இடமே மரநிழலில்தான் கிடைக்கிறது என்றால் இந்தப் பட்டியல் மாறும். வேய்ந்த கூரையை முதலில் நீக்கிவிடுங்கள். மர ஓட்டில் இலைச்சருகு தங்காதபடி சரிவை 45க்கு மேல் வையுங்கள். கூரை விளிம்புக்கு நேர்கீழே ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பிய வாய்க்கால் எல்லா வகைக்கும் பொது. கூரை விளிம்பில் மழைநீர்க் குழாய் வேண்டாம், இந்த வாய்க்காலே தெறிப்பை விழுங்கிக்கொள்ளும். ஆனால் அதில் சேரும் சருகையும் மண்ணையும் ஆண்டுக்கு ஒருமுறை வாரி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டிலேயே தண்ணீர் மறுபடி சுவரில் தெறிக்கும்.